வாழைக்கன்று கட்டிப் பெஜவாடா போன வண்டி

கும்மிடிப்பூண்டி,
20.10.2024, ஞாயிறு

அன்புள்ள அருணாவுக்கு,

நைனா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று பதறிவிடாதே, இங்கே நான், அம்மா, உன் தம்பி பார்த்திபன், நம் வண்டி, நான்கு பேரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரர் வம்சியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா, குளிர் குறைந்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று முதலில் கேட்டு எழுதச் சொல்லி அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எழுதும்போது எட்டிப் பார்த்தால் எனக்குக் கை ஓடாது என்று சொல்லி அவளை டி.வி. முன்னால் அனுப்பிவிட்டேன். வீட்டில் ஒரு வெள்ளைத்தாள் கிடையாது, அதனால் கம்பெனிக்குக் கொடுக்கிற டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், முன்பக்கம் கட்டம் கட்டமாக இருந்தால் கண்டுகொள்ளாதே. மூன்று வருஷமாகப் பேசாத அப்பன் திடீரென்று எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பாய். உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது, உன் அம்மாவுக்கே தெரியாத விஷயம். நேராக அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் ஆயுத பூஜை லீவில் நாங்கள் பெஜவாடா போய் வந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டே வருகிறேன், அந்த விஷயம் வழியில் தானாக வரும். அம்மா போனில் ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருப்பாள், அவள் சொன்னதில் பாதிக்கு மேல் மசாலா, நடந்தது இதுதான்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் நீதான். நீயும் வம்சியும் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து அதிலேயே படுத்து அதிலேயே சமைத்து ஊர் சுற்றின வீடியோவை அம்மாவுக்கு அனுப்பினாய் அல்லவா, அவள் அதை ஒரு வாரம் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுக் காட்டினாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு தடவையும் முழுசாகப் பார்த்தேன். நீ இருக்கும் ஊரே நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்து மறுபடி கட்டின ஊராமே, அதில் நீ ஒரு பாலத்தைக் காட்டி ஏதோ சொன்னாய், எனக்கு உன் முகம்தான் தெரிந்தது, கொஞ்சம் இளைத்திருக்கிறாய். அன்றைக்கு வாய் சும்மா இருக்காமல், இது என்ன பெரிய வித்தை, கம்பெனி ஆட்களை ஏற்றுகிற நம் ஸ்டாஃப் வண்டியிலேயே செய்யலாம் என்று சொல்லிவிட்டேன். பார்த்திபன் பிடித்துக்கொண்டான். அப்புறம் என்ன, பின்னால் இருந்த பத்து சீட்டைக் கழற்றினேன், அந்த இடத்தில் பிளைவுட் பலகை போட்டு இரண்டு மெத்தை, அம்மாவின் பழைய பூனம் புடவையில் ஜன்னலுக்குத் திரை, ஒரு மூலையில் சின்ன காஸ் அடுப்பு. கூரைமேல் தண்ணீர்த் தொட்டி வைத்துப் பின்கதவுப் பக்கம் ஒரு குழாய் இறக்கினேன் பார், அதுதான் என் மூளை. உன் வீடியோ வண்டியில்கூட வெளியே குழாய் இல்லை, நான் கவனித்தேன்.

வியாழக்கிழமை தேர்வாய் கண்டிகையில் கம்பெனி பூஜை. நம் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, மிச்சமிருந்த பொரி கடலையை ஒரு மூட்டையாகவே கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலை கிளம்பும்போது பார்த்திபன், நெடுஞ்சாலையில் இந்த வாழைக்கன்றோடு போனால் கல்யாண வண்டி என்று நினைப்பார்கள், அவிழ்த்துவிடலாம் என்றான். விஜயதசமி முடியாமல் கன்றை அவிழ்க்கிற பழக்கம் இந்த வண்டிக்கு இருபது வருஷமாகக் கிடையாது என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியாததா. ஆனால் இந்த ஒரு தடவை அது நல்லதுக்குத்தான் ஆனது. திட்டம் என்னவென்றால், பெஜவாடாவில் அம்மாவுக்குக் கனகதுர்க்கை தரிசனம், அதை முடித்துக்கொண்டு திரும்பி வந்து பாபட்லா கடற்கரையில் இரண்டு நாள் வண்டியை நிறுத்திக் காற்று வாங்குவது. தடா தாண்டினதுமே அம்மா பாட ஆரம்பித்துவிட்டாள். காவலியில் நாஷ்டா, நெய் ஊற்றின இட்லியும் மிளகாய்ப் பொடியும், பார்த்திபனுக்குக் காதில் புகை வந்தது. உன் அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்ததற்கு வேறு காரணம் இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

மதியம் விஜயவாடா என்று எழுதின போர்டைத் தாண்டிப் பெஜவாடாவுக்குள் நுழைந்தால் தசரா கூட்டம், கோயில் பக்கம் வண்டியே விடவில்லை, சுற்றிப் போகச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். பார்த்திபன் போனில் மேப் பார்த்து இடது, வலது என்று சொல்லிக்கொண்டே வந்தான், நானும் மாடு மாதிரி திருப்பிக்கொண்டே போனேன். ஒரு தெருவுக்குள் போனதும்தான் சுவரைப் பார்த்தேன். எல்லா வீட்டுச் சுவரிலும் என் தலைக்கு மேலே ஒரே மட்டத்தில் பழுப்பாக ஒரு கோடு. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் வெள்ளம் நின்ற அளவு அது. வாசலுக்கு வாசல் உப்பின கட்டில், பீரோ, பிரிட்ஜ் வெளியே கிடந்தது. ஆனால் ஊர் அழுதுகொண்டு இருக்கவில்லை அருணா. ஒரு வீட்டில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள், முடி வெட்டுகிறவர் நாற்காலியைத் தெருவில் போட்டுத் தொழிலை ஆரம்பித்துவிட்டார், ஒரு மெக்கானிக் கடை முன்னால் தண்ணீர் குடித்த பைக்குகள் வரிசையாக ஐம்பதுக்குக் குறையாது, அதற்கு நடுவில் பந்தல் போட்டு அம்மன் வைத்துப் பாட்டு. இது சிங் நகர் என்று பார்த்திபன் மெதுவாகச் சொன்னான். வம்சியின் வீடு இருக்கும் பேட்டை என்று எனக்குத் தெரியும். நான் பிரேக் போட்டு இரண்டு பேரையும் பார்த்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெள்ளம் வந்த அன்றைக்கே சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள், நான் காதில் வாங்கவில்லை, அதனால் இப்படி மேப் வைத்துக் கூட்டிவந்துவிட்டார்கள். இறங்க மாட்டேன், சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம், அவ்வளவுதான் என்று சொன்னேன். அம்மா பின்கதவைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

சோறு வடித்து, கொண்டுவந்திருந்த புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறினாள். நான்கு நிமிஷம் ஆகியிருக்காது, ஒரு பெண்மணி தட்டோடு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர், அப்புறம் பத்துப் பேர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் நம் வண்டியை அவர்கள் கண்ணால் பார்த்தேன். வாழைக்கன்று, மாலை, சந்தனம், பின்னால் அடுப்பு, புளியோதரை வாசனை, அதுவும் தசரா நாள். ஏதோ கோயிலிலிருந்து அன்னதானத்துக்கு வந்த வண்டி என்று நினைத்துவிட்டார்கள். வெள்ளத்தில் வாரக்கணக்காக அப்படி வண்டிகள் வந்து சோறு போட்டிருக்கின்றன, பழக்கம். இது அன்னதான வண்டி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னாத்துக்கு மொறைக்கறீங்க? தட்டு எடுத்துக்கினு வந்தவங்கள திருப்பி அனுப்பற வழக்கம் நம்ப ஊட்டுல இல்ல. போய் அந்தப் பொரி மூட்டைய அவுருங்க" என்றாள். அந்த வார்த்தை எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று அவளுக்குத் தெரியாது. ஏன் என்று சொல்கிறேன், பொறு. மூன்று நாளைக்கு வைத்திருந்த அரிசி முழுக்க உலைக்குப் போனது, எதிர்வீட்டுப் பெண் தன் பெரிய குண்டானைக் கொண்டுவந்து கொடுத்தாள், பார்த்திபன் வெங்காயம் உரித்தான் என்றால் நம்புவாயா. நான் கதவருகில் நின்று பொரி அள்ளிக் கொடுத்தேன். கூட்டம் முண்டியடித்தபோது, கட்டம் போட்ட லுங்கியில் உயரமான ஒருவர் வந்து, லைன்லோ ரண்டி, லைன்லோ ரண்டி என்று கை காட்டி இரண்டே நிமிஷத்தில் எல்லோரையும் ஒழுங்காக நிற்க வைத்தார். பஸ் கண்டக்டர் மாதிரி இருந்தது. கண்டக்டரேதான். முப்பது வருஷம் கண்டக்டர் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், உன் மாமனார் கோட்டேஸ்வர ராவ்.

எல்லோரும் வாங்கின பிறகு அவர் வெறுங்கையோடு வண்டி முன்னால் போய் நின்று, கண்ணாடிக்கு மேலே இங்கிலீஷில் எழுதியிருக்கிற உன் பெயரை அண்ணாந்து படித்தார். அருணா டிராவல்ஸ். உன்னோடு பேச்சை நிறுத்தினவன் உன் பெயரை ஏன் அழிக்கவில்லை என்று ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம், பெயர் மாற்றினால் பெர்மிட்டில் ஆயிரம் பேஜாரு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். அவர் அந்த வண்டியை முன்னாலேயே பார்த்திருக்கிறார். இப்போது அந்த விஷயத்துக்கு வந்துவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் சித்திரை வெயிலில் அவர் உன்னைப் பெண் கேட்டு நம் வீட்டுக்கு வந்தார், நான் முடியாது என்று சொல்லி அனுப்பினேன், இவ்வளவுதான் உனக்கும் அம்மாவுக்கும் தெரியும். நான் அப்போது வாசல் கேட்டுக்கு உள்ளே ஹோஸ் பைப் வைத்து இதே வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் வெளியே நின்றார், கையில் பலகாரப் பை, சட்டை முழுக்க வியர்வை. உட்கார்ந்து பேசலாமா என்று கேட்டார், பேச ஒன்றும் இல்லை என்றேன். சரி பாவகாரு, கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள், குடித்துவிட்டுப் போகிறேன் என்றார், அப்போதும் சம்பந்தி முறை வைத்துத்தான் கூப்பிட்டார். என் கையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது அருணா. நான் குழாயை மூடிவிட்டுக் கேட்டையும் சாத்திவிட்டு உள்ளே போனேன். ஜென்மத்துக்கும் ஒருவருக்கும் செய்யக்கூடாததைச் செய்தேன். அடுத்த மாதம் நீ திருவள்ளூர் ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்ட அன்றைக்கு நான் ரெண்டு மணி ஷிப்டுக்கு வண்டி ஓட்டினேன், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தேர்வாய் கண்டிகை திருப்பத்தை விட்டுவிட்டு நேராகப் போய்விட்டேன். உன்மேல் இருந்த கோபம் ஆறு மாதத்தில் தீர்ந்துவிட்டது. பேசாமல் இருந்தது கோபத்தால் இல்லை, அவர் உங்களிடம் அந்தத் தண்ணீர் விஷயத்தைச் சொல்லியிருப்பார், எந்த முகத்தோடு பேசுவது என்ற வெட்கத்தால்தான். அவர் யாரிடமும் சொல்லவில்லை என்று, அந்த வீட்டில் எங்களை வரவேற்ற விதத்தைப் பார்த்து இப்போதுதான் தெரிந்தது.

அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். வாங்க சம்பந்தி என்று சொல்லி அம்மா தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். என் கால் தானாகப் பின்கதவுப் பக்கம் போனது, டம்ளரை எடுத்து அந்தக் குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டுபோய் நீட்டினேன். அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருக்கலாம், நானாக இருந்தால் காட்டியிருப்பேன். அவர் குழாயைத் தட்டிப் பார்த்து, தொட்டி எத்தனை லிட்டர் பாவகாரு, மேடு ஏறும்போது தளும்பாதா என்று கேட்டார். தளும்பாது, நடுவில் தடுப்பு வைத்திருக்கிறேன் என்றேன். அவ்வளவுதான் நாங்கள் பேசினது. அதன் பிறகு நான் தெருவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்தேன், அடுப்புப் புகை என்று பார்த்திபனிடம் சொன்னேன்.

வீட்டுக்குள் கூட்டிப் போனார்கள். தரை இன்னும் ஈரம், சுவர் காயவில்லை, கட்டில் இல்லை, டி.வி. இல்லை, பாய் விரித்து உட்கார வைத்தார்கள். உன் மாமியார் சீதாமகாலட்சுமிக்கு நாங்கள் வந்த சந்தோஷம் ஒரு பக்கம், உட்கார வைக்க ஒரு நாற்காலிகூட இல்லையே என்ற சங்கடம் ஒரு பக்கம். பார்த்திபன் என்னை நைனா என்று கூப்பிட்டதும் அந்த அம்மா சிரித்துவிட்டார், தெலுங்குக்காரர் வேண்டாம் என்ற வீட்டில் அப்பாவை நைனா என்று தெலுங்கில்தான் கூப்பிடுகிறார்களா என்று. எல்லோரும் சிரித்தார்கள், நானும் அசட்டுச் சிரிப்பு சிரித்தேன். அப்புறம் பார்த்தால் சுவரோரமாக மேஜைமேல் துணி போட்டு மூடி ஒரு பெட்டி. நீ வெளிநாடு போகும்போது அங்கே வைத்துவிட்டுப் போன நீலப் பெட்டி, உன் சர்ட்டிபிகேட், உன் பள்ளிக்கூட மெடல், சின்ன வயசு போட்டோ எல்லாம் இருக்கிறதே அது. தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் அவர்கள் இரண்டு பேரும் மாடிவீட்டுக்கு முதலில் தூக்கிக்கொண்டு போனது அதைத்தானாம், அடுத்த நடைக்கு இறங்குவதற்குள் இடுப்பளவு வந்துவிட்டதாம். வேறு ஒன்றும் எடுக்க முடியவில்லையா என்று அம்மா கேட்டாள். "டி.வி. மள்ளி கொனொச்சு வதினா, மா கோடலி பெட்டெ எக்கட கொன்டாமு?" என்றார் அந்த அம்மா. டி.வி. மறுபடி வாங்கிக்கொள்ளலாம், எங்கள் மருமகளின் பெட்டியை எங்கே போய் வாங்குவது என்று அர்த்தம், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. நம் வீட்டில் உன் சாமானுக்கு இடமில்லை என்று அன்றைக்குச் சொன்னவன் நான்தான். படுக்க இடம் இல்லையே என்று அவர்கள் தவித்தபோது, நாங்கள் வீட்டையே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று சொன்னேன். கடைசியில் என்ன நடந்தது தெரியுமா, ஒன்றரை மாதமாக ஈரத்தரையில் படுத்திருந்த அவர்கள் இரண்டு பேரும் வண்டி மெத்தையில் படுத்தார்கள், நாங்கள் மாடிவீட்டு மொட்டைமாடியில். இத்தனை நாள் கழித்து நன்றாகத் தூங்கினோம் என்று காலையில் அந்த அம்மா சொன்னபோது என் பிளைவுட் வேலைக்குப் பெருமையாக இருந்தது.

அன்று காலைதான் நீ போன் செய்தாய். நம் கவரப்பேட்டையில் ரயில் மோதின செய்தியைப் பார்த்துப் பதறி நான்கு தடவை கூப்பிட்டிருக்கிறாய், அம்மா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். நீ ஹலோகூட சொல்லவில்லை, "நைனா எங்கம்மா? வண்டி எடுத்துக்கினு அந்தப் பக்கம் போனாரா?" என்றாய். நான் பக்கத்திலேயே நின்றேன். இதோ இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியதுதானே, நான் தெருவுக்கு இறங்கிப் போய்விட்டேன். கோட்டேஸ்வர ராவ் பின்னாலேயே வந்தார், மெக்கானிக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு ஸ்பேனரைக் கையில் கொடுத்தார். விஜயதசமி, கருவியை எடுக்க நல்ல நாள். அன்றைக்கு முழுக்க அந்த மெக்கானிக்கோடு சேர்ந்து தண்ணீர் குடித்த பைக்குகளில் கார்புரேட்டர் கழற்றிச் சேறு துடைத்தேன், பார்த்திபன் பிளக் சுத்தம் செய்தான், ஒவ்வொன்று ஸ்டார்ட் ஆகும்போதும் உன் மாமனார் ரைட் ரைட் என்று கத்துவார், தெருவே கை தட்டும். பதினொரு வண்டி ஓட ஆரம்பித்தது. பாபட்லா கடற்கரைக்குப் போகவே இல்லை, கனகதுர்க்கையைக்கூட ஞாயிற்றுக்கிழமை அவர்கள் துணையோடுதான் பார்த்தோம். கிளம்பும்போது மெத்தை, பலகை, அடுப்பு எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டேன். வேண்டாம் என்றார்கள், நான் என் பிடிவாதத்தைக் காட்டினேன். தொட்டியை மட்டும் அவர் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார், அடுத்த தடவை வரும்போது தண்ணீர் வேண்டுமாம். சொல்லிவிட்டுச் சிரித்தார், அன்றைக்கு கேட்டில் நடந்ததைப் பற்றி அவர் சொன்னது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை ஷிப்டுக்கு மறுபடி சீட் பூட்டிவிட்டேன். இப்போது சொல்கிறேன் அருணா, அந்த மனிதருக்குத் தண்ணீர் கொடுக்காததற்கும், உன் கல்யாணத்துக்கு வராததற்கும், மூன்று வருஷம் உன் குரலைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்ததற்கும், நைனாவை மன்னித்துவிடு. போனில் சொல்ல வராது, அதனால்தான் இத்தனை தாள். இந்தத் தண்ணீர் விஷயத்தை மாப்பிள்ளையிடம் நீயே சொல்லிவிடு, அவர் அப்பா சொல்லமாட்டார். உடம்பைப் பார்த்துக்கொள், இளைத்திருக்கிறாய், காலையில் நாஷ்டா சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. அந்த ஊர் மேட்டில் வண்டி ஓட்டும்போது மாப்பிள்ளையை கியரைக் குறைத்து இறங்கச் சொல், வீடியோவில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறார். அம்மாவும் நானும் இரண்டு பேரையும் மனசார ஆசீர்வதிக்கிறோம், நன்றாக இருங்கள், நூறு வருஷம் ஒற்றுமையாக இருங்கள்.

மறக்காமல் கடைசித் தாளைத் திருப்பிப் பார். அது மட்டும் வெறும் ஷீட் இல்லை, முன்பக்கம் நானே நிரப்பி வைத்திருக்கிறேன். கிளம்பும் இடம் மீனம்பாக்கம் விமான நிலையம், சேரும் இடம் நம் வீடு, பயணிகள் இரண்டு பேர். தேதியை உங்கள் லீவு பார்த்து நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் இறங்கினதும் கையெழுத்து போட்டால் போதும், அதற்காகத் தாளைப் பத்திரமாகக் கொண்டு வா. பயணி கையெழுத்து இல்லாத ஷீட் செல்லாது என்று உனக்குத் தெரியும்.

டிரைவர் கையெழுத்து: உன் நைனா, தணிகைவேல்

பயணி கையெழுத்து: ....................